காலைப் படகு போய்விட்டது

காலைப் படகு எங்கள் தீவின் துறையில்தான் நின்றது. கயிறு அவிழ்க்கவில்லை, ஏறும் பலகையை எடுக்கவில்லை, ஆரஞ்சு மூட்டைகள் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. காது கிழியச் சங்கு வேறு ஊதியது. டிக்கெட் ஜன்னலுக்குள் மின்சாவின் லேப்டாப்பில் மட்டும் அந்தப் படகின் கட்டம் சாம்பல் நிறமாகி, நடுவில் கொட்டை எழுத்தில் 'போய்விட்டது' என்று இருந்தது.

மேனேஜர் பிதுரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கட்டம் மாறவில்லை. ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்தார். அதுவும் நகரவில்லை.

"ஏம்மா, இந்த ரெண்டுல எது பொய்?" என்றார்.

மின்சாவுக்கு முகம் செத்துப்போனது. நேற்று மாலை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. காலைப் படகு, சரக்குப் படகு, இரண்டும் சாம்பல் நிறத்தில், இரண்டும் 'போய்விட்டது'. உண்மையிலேயே இரண்டும் போயிருந்தன. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அதைக் காட்டத்தான் பிதுரோவை இன்று காலையில் பெருமையாகக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கருவாட்டு வியாபாரி நியாசாட்டு அம்மா அதற்குள் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டால் போதும், தனியாகத் தண்டோரா வேண்டாம்.

"அய்யய்யோ, படகு போயிடுச்சாமே! அப்போ அங்க நிக்கறது என்னடி, பேயா? ஏய், மூட்டையை இறக்குங்கடா, பேய்க்கப்பல்ல ஏத்தறீங்க!"

வரிசை மொத்தமும் சிரித்தது. மூட்டை தூக்குகிறவன் கூட மூட்டையோடு நின்று சிரித்தான். பிதுரோ சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாதக் கடைசியில் அந்த டிக்கெட் ஜன்னலை மூடப்போகிறார்கள். இனி டிக்கெட்டெல்லாம் போனிலேயே. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புதிதாகத் திறக்கும் ஆபீஸில் ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது. எந்தப் படகு நிற்கிறது, எது போய்விட்டது என்று இணையப் பக்கத்தில் காட்டி, அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. பக்கத்தை ஓடவைத்துக் காட்டினால் அந்த நாற்காலி உனக்கு என்றார் பிதுரோ. இல்லையென்றால் அக்கரையில் முவான்சாவிலிருந்து ஒரு பட்டதாரியை அனுப்புவார்களாம். வியாழக்கிழமை தலைமை ஆபீஸ் அதிகாரி மரெகேசி வந்து பார்த்து, அங்கேயே முடிவு சொல்லிவிடுவார்.

அந்த நாற்காலிக்கு முதுகு உண்டு. தலைக்கு மேலே ஃபேன் உண்டு. மின்சா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உட்கார்ந்திருக்கும் டிக்கெட் பெட்டி தகரத்தால் ஆனது. வெயில் ஏறினால் உள்ளே உட்கார்ந்திருப்பவள் வெந்துபோவாள். அந்த வேக்காட்டில் டிக்கெட் கிழித்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறாள். புருஷன் மீன் பிடிக்கப் போன கரையில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றிக் கேட்டால் "அந்தப் படகு போயிடுச்சு" என்பாள். கோபக்காரி. சில்லறை இல்லாமல் நோட்டை நீட்டுகிறவர்களிடம் அவள் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டுமென்றே சிலர் நோட்டை நீட்டுவார்கள்.

ஜாவாஸ்கிரிப்டை அவள் போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் படித்தாள். படித்தாள் என்று சொல்வதை விட, மல்லுக்கு நின்றாள் என்று சொல்லலாம். செய்ய வேண்டிய வேலை என்னவோ சின்னதுதான். பக்கத்தில் படகுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு பெயர். கட்டத்துக்குள் துறைப் பலகையில் எழுதியிருக்கிறபடி மணி. நிரல் அந்தப் பெயரைச் சொல்லிக் கட்டத்தைக் கூப்பிட வேண்டும், உள்ளே இருக்கும் மணியைப் பார்க்க வேண்டும், இப்போதைய மணியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நேரம் தாண்டியிருந்தால் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கி 'போய்விட்டது' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பச்சை. அவ்வளவுதான். வீடியோவில் அந்தப் பையன் டீ குடித்துக்கொண்டே செய்து முடித்துவிட்டான்.

இவள் செய்தபோது ஆரம்பமே கோணல். பக்கத்தில் கட்டம் வரைந்து முடிப்பதற்கு முன்னாலேயே நிரல் ஓடிப்போய்க் கட்டத்தைத் தேடியது. அப்படி எதுவுமே இல்லை என்று சிவப்பில் ஒரு வசை வந்தது. "கண்ணு முன்னாடி இருக்கே, குருட்டு நாயே!" என்று மின்சா லேப்டாப்பைத் திட்டினாள். நிரலைத் தூக்கிப் பக்கத்தின் அடியில் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம். கட்டத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு நிரலில் வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கண்டுபிடிக்க இன்னும் சில நாள். அதெல்லாம் ஓய்ந்து, கட்டம் முதன்முதலாக நிறம் மாறிய மாலையில் அவள் பெட்டிக்குள்ளேயே எழுந்து ஆடினாள். தலை தகரத்தில் இடித்தது.

இப்போது எல்லாம் போச்சு. பேய்க்கப்பல் விஷயம் தீவு முழுக்கப் பரவிவிட்டது. சந்தையில், சர்ச்சில், சைக்கிள் டாக்ஸி நிற்கும் இடத்தில், எல்லார் போனிலும் அந்தப் பக்கம்தான். பல் விளக்கும்போதே திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு அப்புறம்தான் வாய் கொப்பளித்தார்கள். "மின்சா, படகு போயிடுச்சாமே, நாங்க நீந்தியே போயிடறோம்" என்று ஜன்னலில் வந்து சொல்லிவிட்டு டிக்கெட் வாங்கினார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்துக் கொடுத்தாள்.

முதலில் ஒரு சமக்குறியில் சந்தேகம் வந்தது. சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குறி போட்டிருந்தாள். ஒற்றைக் குறி போட்டால் அது கேள்வி இல்லையாம், கட்டளையாம். படகு போய்விட்டதா என்று கேட்பதற்குப் பதிலாக, படகே போய்விடு என்று அவளே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்! இதுதான், பிடித்துவிட்டேன் என்று குதித்தாள். குறியைச் சேர்த்தாள். மறுநாள் காலையில் படகு நிற்கிறது, கட்டம் சாம்பல்.

அடுத்ததாக, கட்டத்திலிருந்து எடுக்கிற மணி எண் இல்லை, எழுத்து என்று தெரிந்தது. எழுத்தாக ஒப்பிட்டால் ஒன்பதை விடப் பத்து சின்னதாம். இது என்ன அநியாயம் என்று தலையில் அடித்துக்கொண்டு அதையும் எண்ணாக மாற்றினாள். சாம்பல்தான்.

ஒருவேளை போன் பழைய பக்கத்தையே ஒளித்து வைத்துக் காட்டுகிறதோ என்று பார்த்தாள். ஒளித்துத்தான் வைத்திருந்தது. சேர்த்து வைத்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் திறந்தாள். புத்தம் புதுச் சாம்பல்.

முவான்சாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சித்தி மகன் டோட்டோவுக்குப் போன் போட்டாள். அவனும் நல்ல பிள்ளைதான். ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போனதும் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அக்கா, எல்லாம் சரியாத்தானே இருக்கு? ரெண்டும் சாம்பல் கலர்ல இருக்கு. ரெண்டு படகும் போயிருக்கும்ல இந்நேரம்?"

"காலைல பாருடான்னுதானே சொன்னேன்! காலைலயும் அதே சாம்பல்டா!"

"காலைல எனக்கு மூச்சு விட நேரமில்லக்கா. நீ ஒண்ணு பண்ணு. கன்சோல்னு அடியில ஒரு இடம் இருக்குல்ல, கோடிங் உள்ள என்ன மணி எடுக்குதுன்னு அதுல எழுதவெச்சுப் பாரு. நம்பர் தப்பா வந்தா அங்கதான் கோளாறு."

எழுதவைத்துப் பார்த்தாள். படகின் மணி, பலகையில் இருந்தபடியே வந்தது. இப்போதைய மணி, போனில் இருந்தபடியே வந்தது. இரண்டும் சரி. துளி தப்பில்லை. இரண்டு சரியைச் சேர்த்தால் எப்படித் தப்பு வரும்? மின்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னவள் வந்து "அம்மா, களி தீயுது" என்றதற்கு, "தீயட்டும், எல்லாம் தீயட்டும்" என்று கத்தினாள். குழந்தை பயந்து தானே அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியது. அப்புறம் அதற்கும் சேர்த்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் நிரலை மூன்று தடவை முழுக்க அழித்து எழுதிவிட்டாள். எழுதின தடவையெல்லாம் சாம்பல். அதற்குள் மரெகேசி தீவுக்கே வந்து சேர்ந்துவிட்டார். முருதுங்குரு ஊர்ப் பக்கம் அவருடைய தங்கை மகள் கல்யாணம். அவர் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்தான். வியாழக்கிழமை காலைப் படகில்தான் திரும்புவாராம். யாரும் என்னை அழைத்துவர வேண்டாம், எந்தப் பயணியையும் போல வீட்டிலிருந்தபடி பக்கத்தைப் பார்த்து, அதை நம்பி வருவேன், படகு கிளம்பும்போது நிறம் மாறுகிறதா என்று என் போனிலேயே பார்ப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். மின்சா பெட்டிக்குள் விசிறிக்கொண்டிருந்தாள். சூட்கேஸை இழுத்துக்கொண்டு ஓர் ஆள் வேர்க்க விறுவிறுக்க வந்தான். ஜாம்பியாவிலிருந்து சூரியசக்தி பம்பு பொருத்த வந்த கபோத்வே. தெரிந்த நாலு வார்த்தை சுவாகிலியில் டிக்கெட் கேட்டான்.

"அக்கரைக்கு ஒண்ணு. ரெண்டு மணிப் படகு."

"அதுக்கு நாளைக்குத்தான் வரணும் சார். இன்னைக்கு ரெண்டு மணிப் படகு போயிடுச்சே."

"எப்படிப் போகும்? இப்பதானே ரெண்டு மணி ஆகுது!" என்று கைக்கடிகாரத்தை ஜன்னலுக்குள் நீட்டினான்.

கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நியாசாட்டு அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "தம்பி, அது ரெண்டு இல்லப்பா, எட்டு! எட்டு மணிக்கு வந்து ரெண்டு மணிப் படகு எங்கேன்னு கேக்கறியே, உங்க ஊர்ல சூரியன் எந்தப் பக்கம் உதிக்குது?"

எங்களுக்குப் பொழுது விடிந்தால்தான் மணிக்கணக்கு தொடங்கும். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒரு மணி. இன்னொரு மணி நேரம் போனால் இரண்டு மணி. அப்போதுதான் காலைப் படகு கிளம்பும். போனிலும் கடிகாரத்திலும் அந்த நேரத்துக்கு எட்டு என்று காட்டும். நாங்களும் பார்ப்போம், பார்த்துவிட்டு வாயால் இரண்டு என்போம். உச்சி சாய்ந்ததும் கடிகாரம் இரண்டு காட்டினால் எட்டு என்போம். கழித்துக் கூட்டி யாரும் கணக்குப் போடுவதில்லை. பிறந்ததிலிருந்து வருகிற பழக்கம், கண் பாட்டுக்குப் பார்க்கும், வாய் பாட்டுக்குச் சொல்லும். துறைப் பலகையிலும் அப்படித்தான், 2:00 என்று எழுதியிருக்கும்.

"பலகைல ரெண்டுன்னுதானே போட்டிருக்கு!" என்று கபோத்வே கத்தினான். "ரெண்டுன்னா ரெண்டுதான்! நான் வேற எப்படிப் படிக்கறது?"

மின்சா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். "சார், இங்க பொறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும் சார், அந்த ரெண்டு எந்த ரெண்டுன்னு. உங்களுக்கு யாரும் சொல்லித்தரலையா?"

சொல்லி வாய் மூடவில்லை, சிரிப்பு நின்றுவிட்டது.

லேப்டாப்பைப் பார்த்தாள். இதுவும் இங்கே பிறந்தது இல்லை. இதற்கும் யாரும் சொல்லித்தரவில்லை. காலையில் கடிகாரம் ஏழரை காட்டும்போது, இரண்டு மணிப் படகா, அது எப்போதோ போய்விட்டதே என்று சொல்லியிருக்கிறது. இந்த ஆளைப் போலவே. கன்சோலில் படகு 2, இப்போது 7 என்று வந்ததே, இரண்டும் சரி என்று அவள் கண்தானே சொன்னது!

"அட பாவி" என்றாள். கபோத்வே தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் கத்தினான். அவனைச் சமாதானப்படுத்திச் சாயங்காலச் சரக்குப் படகில் இடம் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

உடனே செய்ய வேண்டியதைச் செய்தாள். அங்கேதான் புத்தி பிசகிவிட்டது. நிரலில் கைவைக்க அவளுக்குப் பயம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று புட்டுக்கொள்ளும் என்று பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கட்டத்துக்குள் இருக்கும் மணியைப் பார்த்துத்தானே நிரல் கணக்குப் போடுகிறது? அந்த மணியையே மாற்றிவிட்டால் போதுமே! காலைப் படகுக்கு 2:00 என்பதை அழித்து 8:00 என்றாள். சரக்குப் படகுக்கு 10:00 என்பதை 16:00 என்றாள். பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள்.

சரக்குப் படகின் கட்டம் பச்சையாக நின்றது.

மத்தியானத்தில் பச்சையை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சரக்குப் படகு கயிறு அவிழ்த்தது, கட்டம் சாம்பலானது. வேளை பிசகவில்லை. பொரித்த மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பெண்கள் இரண்டு பேரும் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "அம்மாவுக்கு முதுகு வெச்ச நாற்காலி வரப்போகுது" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் விடியும்போதே பிதுரோ கோட்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மின்சா புதுக் காங்காத் துணி சுற்றிக்கொண்டு, லேப்டாப்பை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். காலைப் படகு துறையில் நின்றது. கட்டம் இலை மாதிரிப் பச்சை. பார்க்கத்தான் ஆள் இல்லை. மரெகேசி வரவில்லை.

"கல்யாண வீடு, எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும்" என்றார் பிதுரோ.

"ஒரு போன் போட்டுப் பாருங்க சார்."

"யாரு, நானா? அவ்வளவு பெரிய ஆளைக் கூப்பிட்டு, லேட்டாயிடுச்சு வாங்கன்னா சொல்லச் சொல்ற? நல்லா இருக்கே!"

கேப்டனிடம் போய்க் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்க்கத்தானே அதிகாரியே வருகிறார், நான் எப்படிப் பொறுப்பது என்று கேப்டன் கேட்டார். அதுவும் நியாயம்தான். இன்னொன்றும் பிதுரோவின் கண்ணில் பட்டது. வரிசையே இல்லை. கால்வாசிக் கூட்டம் கூட இல்லை. நியாசாட்டு அம்மாவைக் காணோம். அவள் இல்லாமல் ஒரு காலைப் படகு கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

சங்கு ஊதியது. பாதிக்கு மேல் காலியாகவே படகு நகர்ந்தது. அதே நொடி கட்டம் சாம்பலாகி, 'போய்விட்டது' என்று வந்தது. இத்தனை நாள் உயிரை வாங்கின சனியன் இப்போது கச்சிதமாக மாறி நின்றது, ஒருத்தர் கூடப் பார்க்காமல். மின்சாவுக்கு அந்த லேப்டாப்பை ஏரியில் விட்டெறியலாம் போல இருந்தது.

உச்சி சாய்ந்து, எங்கள் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் துறைப் பாதையில் புழுதி கிளம்பியது. சைக்கிள் டாக்ஸிகள், தலைச்சுமைகள், கோழிக் கூடைகள், குழந்தைகள். நியாசாட்டு அம்மா மூட்டையோடு. எல்லாருக்கும் முன்னால், கல்யாணச் சட்டையும் பளபளவென்ற செருப்புமாக மரெகேசி. நேரத்துக்கு வந்துவிட்ட பெருமை முகத்தில் தெரிந்தது.

"என்ன பிதுரோ, படகை எங்கே நிறுத்தியிருக்கீங்க?"

பிதுரோ மின்சாவின் பக்கம் திரும்பினார். மின்சாதான் சொன்னாள். "காலையிலயே போயிடுச்சு ஐயா."

"போயிடுச்சா? என்னம்மா விளையாடறே? நேத்து சாயங்காலமே உன் பக்கத்தைப் பார்த்தேன். மணி 8:00ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தே. எட்டு மணிக்கு முன்னாடியே வந்து நிக்கறேன்!"

"நாங்களும் பார்த்தோம்!" என்று பின்னாலிருந்து கூட்டம் கத்தியது. "சரி, ஆபீஸ்காரன் மறுபடி நேரத்தை மாத்திட்டான்னு நெனைச்சோம்!" "காலைல சாம்பல் காட்டினதை, அது வழக்கமான பேய்க்கப்பல்னு விட்டுட்டோம்!" "எம் பொண்ணுக்கு ஆஸ்பத்திரி டோக்கன் போச்சு!" "என் மீனு நாறிடும், நீ தின்பியா?" எல்லாக் கைகளும் ஒன்றாக ஜன்னலுக்குள் நுழைந்தன.

மின்சாவுக்குக் காது அடைத்தது. மெஷினுக்குப் புரியட்டும் என்று எழுதினாள். படிக்கிறவர்கள் மெஷின் இல்லை என்பதை மறந்துபோனாள். நேற்று அந்த ஜாம்பியாக்காரனைப் பார்த்து எப்படிச் சிரித்தாள்! வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"நியாசாட்டு அம்மா, உங்களுக்குமா தெரியாது, காலைப் படகு எப்பன்னு?" என்று கடைசியாக ஒரு பிடி தேடினாள்.

"எனக்கு ரெண்டு மணின்னுதான்டி தெரியும். நீதானே எட்டுன்னு போட்டே! பதினாறு மணின்னு வேற ஒண்ணு போட்டிருக்கியே, அது எந்த ஊர் மணி? நானும் ராத்திரி முழுக்க விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பன்னெண்டுக்கு மேல போகவே இல்லை!"

கூட்டத்தில் பாதி சிரித்தது, பாதி இன்னும் வைதது. மரெகேசி ஜன்னல் பக்கம் குனிந்தார். குரலை உயர்த்தவில்லை.

"படகு கிளம்பினப்போ கலர் மாறிச்சா?"

"மாறிச்சு ஐயா."

"நேரத்துக்கு?"

"நொடி தப்பாம ஐயா."

"யாருக்காகம்மா மாறிச்சு?"

மின்சா தலையைக் குனிந்துகொண்டு லேப்டாப்பை இழுத்தாள். இனி பயப்பட என்ன இருக்கிறது, நாற்காலிதான் போய்விட்டதே. கைகள் உள்ளே நீண்டபடி இருக்க, வசவுகள் விழுந்தபடி இருக்க, கட்டங்களில் 8:00 ஐ அழித்து 2:00 என்றும், 16:00 ஐ அழித்து 10:00 என்றும் பழையபடி எழுதினாள். நிரலில், கட்டத்திலிருந்து மணியை எடுக்கிற வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தாள். எடுத்த மணியோடு ஆறைக் கூட்டிக்கொள், அப்புறம் ஒத்துப் பார். மனிதர்களுக்கு அவர்கள் மணி, மெஷினுக்கு அதன் மணி. ஒரு வாரமாக நடந்த கூத்துக்கு இந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது.

"இப்பப் பாருங்க எல்லாரும்" என்றாள். "சரக்குப் படகு பத்து மணிக்கு. பச்சையா இருக்கு. எல்லாருக்கும் அதுல இடம் போடறேன். காலைல போக வேண்டியவங்கதானே, அதனால இதுக்குக் காசு வேண்டாம். ஐயா, அதை என் சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்லுங்க."

போன்கள் வெளியே வந்தன. பத்து, பச்சை. முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது. மூட்டைகளை இறக்கி நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். மரெகேசியும் பளபளச் செருப்போடு ஒரு கருவாட்டு மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேறு இடமில்லை.

பிதுரோ மெதுவாகப் பக்கத்தில் போனார். "ஐயா, முவான்சாலேருந்து அந்தப் பட்டதாரியை..."

"வந்து?" என்றார் மரெகேசி. "அவன் வந்து உள்ளே ஃபேன் போட்டு உக்காந்துக்குவான். இந்த ஜன்னலை மூடிடுவோம். நாளைக்கு இதே மாதிரி ஒண்ணு ஆச்சுன்னா இத்தனை பேரும் எங்க போவாங்க? போனையா புடிச்சு உலுக்குவாங்க? முதல்ல கைக்கு எட்டற என் சட்டையைத்தான் புடிப்பாங்க. இன்னைக்கே இந்தம்மா மட்டும் உள்ள இல்லைன்னா, கல்யாணச் சட்டை கிழிஞ்சிருக்கும் எனக்கு."

"சரிதான்" என்றாள் நியாசாட்டு அம்மா. "நானே கிழிச்சிருப்பேன்."

"ஜன்னல் இருக்கட்டும்" என்றார் மரெகேசி. "மூட வேண்டாம். பக்கமும் இருக்கட்டும். ரெண்டையும் இவங்களே பார்த்துக்கட்டும்."

மின்சாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேலை போகவில்லை என்பது மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது. பெண்களின் பள்ளிக்கூடம் கண்முன் வந்து போனது. பிறகுதான் மீதி புரிந்தது.

"ஐயா, அப்போ அந்த நாற்காலி?"

"எந்த நாற்காலி?"

"புது ஆபீஸ்ல, முதுகு வெச்சது. ஃபேனுக்குக் கீழ."

"ஜன்னல் இங்க இருக்கறப்போ நீ அங்க உக்காந்து என்னம்மா செய்யப்போறே?"

"அப்போ டிக்கெட்டும் நான்தான் கிழிக்கணும், பக்கத்தையும் நான்தான் பார்க்கணும், திட்டும் நான்தான் வாங்கணும், சம்பளம் மட்டும் அதே சம்பளமா? இந்தத் தகரத்துக்குள்ள ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்களேன் நீங்க!"

பிதுரோ கண்ணை மூடிக்கொண்டார். மரெகேசி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் வெயில் சுட்டது.

"ஃபேன் ஒண்ணு போடச் சொல்றேன்" என்றார். "சம்பளம் அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தீவில் எல்லாருக்கும் தெரியும். மின்சா கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு சரக்குப் படகின் டிக்கெட்டுகளைக் கிழிக்க ஆரம்பித்தாள். அது நிம்மதியில் வந்த கண்ணீரா, ஆத்திரத்தில் வந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டும்தான்.

வரிசை கரைந்து, கடைசியில் நியாசாட்டு அம்மா மட்டும் நின்றாள். ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டும் போகவில்லை. ஒரு நோட்டை நீட்டினாள்.

"சனிக்கிழமை காலைப் படகுக்கும் ஒண்ணு குடு. எத்தனை மணிக்குடி அது?"

"போன்ல இருக்கே, பாருங்க. இப்போ சரியாத்தான் காட்டுது."

"அது கிடக்கு. நீ சொல்லு."

மின்சா அவளை முறைத்தாள். நியாசாட்டு அம்மா நோட்டை விடவில்லை. அவளுக்குப் பின்னால் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தவர்களும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரெகேசியும் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு!" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, "சில்லறை இல்லாம வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று நோட்டைப் பிடுங்கினாள்.